கைப்பேசியைச் சோதிப்பது என்றால் என்ன? உளவுச் செயலிகளும் அவை விட்டுச்செல்லும் தடயங்களும்

2024 பிப்ரவரியில் செர்பியாவில் ஸ்லாவிஷா மிலானோவ் என்ற செய்தியாளரின் வண்டியைப் போலீசார் வழக்கமான வாகனச் சோதனை என்று சொல்லி நிறுத்தினார்கள். பிறகு காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே அவருடைய கைப்பேசி, அணைத்த நிலையில், வரவேற்பு மேசையில் இருந்தது. விசாரணை முடிந்து கைப்பேசியைத் திரும்ப வாங்கிப் பார்த்தபோது வைஃபையும் மொபைல் டேட்டாவும் அணைக்கப்பட்டிருந்தன. அவர் அவற்றை அணைக்கவில்லை. திரைப்பூட்டின் எண்ணை யாருக்கும் சொல்லவும் இல்லை.

பெரும்பாலானவர்கள் ‘ஏதோ கை பட்டிருக்கும்’ என்று விட்டுவிடக்கூடிய விஷயம் அது. அவர் விடவில்லை. கைப்பேசியை அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் பாதுகாப்பு ஆய்வகத்திடம் கொடுத்தார். இஸ்ரேலிய நிறுவனமான செலிபிரைட்டின் கருவியைக் கொண்டு பூட்டைத் திறந்ததும், திறந்த பிறகு ‘நோவிஸ்பை’ என்ற உளவு மென்பொருளை நிறுவியதும் ஆய்வில் தெரியவந்தன. திரையைப் படமெடுத்து அனுப்பவும், தொலைவிலிருந்தபடியே மைக்கையும் கேமராவையும் இயக்கவும் வல்லது அந்த மென்பொருள். அம்னெஸ்டி 2024 டிசம்பரில் இதை அறிக்கையாக வெளியிட்டது.

உளவு மென்பொருள் என்றதும், அரசுகளுக்கு விற்கப்படும் பெகாசஸ் நினைவுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் வந்து இறங்கும் ஒன்றாகவே அதை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். செர்பிய அரசு அமைப்பு செய்தது அதைவிட மிகவும் எளிமையானது. கைப்பேசி சிறிது நேரம் உரியவரிடம் இல்லை, அந்த நேரம் போதுமாக இருந்தது. ஓர் அரசுக்கே இந்த வழி வசதியாக இருக்கிறது என்றால், ஒரே வீட்டில் வாழும் ஒருவருக்கு எவ்வளவு வசதியாக இருக்கும்? என் கைப்பேசியில் உளவுச் செயலி இருக்கிறதா என்று கேட்கிறவர் முதலில் யோசிக்க வேண்டியது, தன்னைக் கண்காணிப்பதில் யாருக்கு அக்கறை இருக்கிறது, அவர் கையில் இந்தக் கைப்பேசி எப்போதாவது இருந்ததா என்பதைத்தான். எந்த இடத்தில், எந்தக் கருவியைக் கொண்டு தேட வேண்டும் என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது. இதை யோசிக்காமல் ஏதோ ஒரு செயலியை இறக்கி ‘ஸ்கேன்’ செய்துவிட்டு, ‘சுத்தமாக இருக்கிறது’ என்ற பச்சை நிறச் செய்தியைப் பார்த்து ஆறுதல் அடைகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முதலில் வீட்டுக்குள் நடக்கும் கண்காணிப்பு. எண்ணிக்கையில் இதுதான் பெரிது, இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். கணினிப் பாதுகாப்புத் துறையினர் ‘ஸ்டாக்கர்வேர்’ என்று அழைக்கும் செயலிகள் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. பிள்ளைகளைப் பாதுகாக்க, ஊழியர்களைக் கவனிக்க என்று விளம்பரம் இருக்கும். ஆனால் சின்னமே தெரியாமல் ஒளிந்துகொள்ளும் வசதியும் அதே செயலியில் இருக்கும். பிள்ளையின் பாதுகாப்புக்கான செயலி எதற்காகப் பிள்ளைக்கே தெரியாமல் ஒளிய வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நிறுவனங்களிடம் நேர்மையான பதில் கிடையாது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2021 செப்டம்பரில் ஸ்பைஃபோன் என்ற நிறுவனத்தையும் அதன் தலைவரையும் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே தடை செய்தது. போலந்தைச் சேர்ந்த லெட்மீஸ்பை 2023இல் ஊடுருவலுக்கு உள்ளாகி, அதில் சேர்ந்திருந்த தகவல்கள் திருடப்பட்ட பிறகு மூடப்பட்டது. மனைவியின் செய்திகளைப் படிக்க ஆசைப்பட்ட கணவன், அவளுடைய அந்தரங்கத்தை முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். அங்கிருந்து அது யார் கைக்குப் போகும் என்பது அவனுக்கும் தெரியாது.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இப்படிப்பட்ட செயலியை நிறுவ, பூட்டுத் திறந்த நிலையில் கைப்பேசி சில நிமிடங்கள் கையில் இருக்க வேண்டும். நிறுவுகிறவர் செய்யும் வேலைகளே தடயங்களாக மிஞ்சுகின்றன. கூகுள் பிளேயில் இத்தகைய செயலிகளுக்கு இடமில்லை என்பதால் வெளி இணையதளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். அதற்கு ‘அறியப்படாத செயலிகளை நிறுவ அனுமதி’ என்பதைக் குரோம் போன்ற ஏதாவது ஓர் உலாவிக்குக் கொடுத்திருப்பார்கள். பிளே புரொடெக்ட் என்ற கூகுளின் சோதனை வசதி இவற்றைக் கண்டுபிடிக்கக்கூடும் என்பதால் அதை அணைத்திருப்பார்கள். நீங்கள் தொடாத பிளே புரொடெக்ட் அணைந்து கிடந்தால், வேறு எந்த அறிகுறியையும்விட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அனுமதிகள். சின்னத்தை மறைத்துக்கொண்டாலும், வேலை செய்ய வேண்டுமென்றால் அந்தச் செயலிக்கு அதிகாரம் வேண்டும். கேட்ட அதிகாரம் எங்கேயாவது பதிவாகியிருக்கும். அமைப்புகளுக்குள் ‘ஆக்சஸிபிலிட்டி’ என்ற பகுதி இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் செயலிகளுக்காக ஏற்பட்டது அது. திரையில் உள்ளதையெல்லாம் படிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு என்பதால்தான் உளவுச் செயலிகளுக்கும் அதன்மேல் ஆசை. உங்களுக்குத் தேவையில்லாத ஒன்று அங்கே இயங்கும் நிலையில் இருந்தால் அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல் ‘டிவைஸ் அட்மின்’ செயலிகளின் பட்டியல், அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி பெற்றவற்றின் பட்டியல், எப்போதும் இருப்பிடம் அறியும் அனுமதி பெற்றவற்றின் பட்டியல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி வழியில் யாரும் படிக்க முடியாதபடி எவ்வளவு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டு வந்தாலும், அறிவிப்பாகத் திரையில் தோன்றும்போது வெறும் எழுத்துதான். அறிவிப்புகளைப் படிக்கும் செயலிக்கு மறையாக்கத்தை உடைக்க வேண்டிய வேலையே இல்லை.

கடைசியாக, எல்லாச் செயலிகளின் முழுப் பட்டியல். முகப்புத் திரையில் தெரியாதவையும் இங்கே வரும். உளவுச் செயலி தன் உண்மைப் பெயரோடு இருக்காது. ‘சிஸ்டம் சர்வீஸ்’, ‘டிவைஸ் ஹெல்த்’ என்பதுபோல் யாரும் தொடப் பயப்படும் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கும். உண்மையான ஆண்ட்ராய்டு பாகங்களுக்கும் இப்படிப்பட்ட பெயர்கள் உண்டு என்பதால் பெயரைப் பார்த்துப் பதறி அழித்துவிடாதீர்கள். அந்தச் செயலி எங்கிருந்து நிறுவப்பட்டது என்ற விவரம் அதன் தகவல் பக்கத்தின் அடியில் இருக்கும், அதைப் பாருங்கள்.

ஐபோன் விஷயம் வேறு. ஆப்ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவுவது அதில் கடினம் என்பதால், வீட்டுக்குள் இருக்கும் உளவாளி கைப்பேசியைத் தொடாமல் ஆப்பிள் கணக்கைத்தான் குறிவைப்பார். கணக்கின் கடவுச்சொல்லும், இரண்டாவது சரிபார்ப்புக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் கிடைத்துவிட்டால் ஐகிளவுட் பேக்கப்பிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசிக்குள் எத்தனை நாள் தேடினாலும் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் கைப்பேசிக்குள் எதுவும் இல்லை. எனவே அமைப்புகளின் உச்சியில் உங்கள் பெயரைத் தொட்டு, கணக்கோடு இணைந்த கருவிகளின் பட்டியலையும் நம்பகமான தொலைபேசி எண்களையும் பாருங்கள். முகம் காட்டித் திறக்கும் வசதியில் இரண்டாவது முகம் ஒன்றைப் பதிய இடமுண்டு, அங்கே யாருடையது இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஐஓஎஸ் 16 முதல் ‘சேஃப்டி செக்’ என்ற வசதியை ஆப்பிள் சேர்த்திருக்கிறது. யாரோடு எதைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை ஒரே இடத்தில் காட்டி, வேண்டியதைத் துண்டிக்க வழி செய்யும். குடும்பத்துக்குள் சிக்கியிருக்கும் பெண்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வசதி என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இவையெல்லாவற்றையும்விட எளிமையான ஒரு வழி இருக்கிறது, அதற்கு உளவுச் செயலியே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதி. பூட்டுத் திறந்த கைப்பேசி கைக்குக் கிடைத்தால் ஒரு கியூஆர் குறியைக் காட்டி இன்னொரு கணினியிலோ கைப்பேசியிலோ உங்கள் வாட்ஸ்அப்பை அப்படியே திறந்துவிடலாம். அதன் பிறகு உங்கள் கைப்பேசி அருகில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான்கு கருவிகள் வரை இணைக்க முடியும். இந்தக் கட்டுரையில் சொன்ன வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இந்தப் பட்டியலை இன்றே திறந்து பாருங்கள். ஜிமெயிலில் வேறு முகவரிக்கு அஞ்சலைத் திருப்பிவிடும் ஏற்பாடு, கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு ஆகியவையும் இதே வகை. மென்பொருள் நிறுவனம் நல்ல நோக்கத்தோடு செய்து கொடுத்த வசதிகள்தான் இவை. எனவே எந்த வைரஸ் தடுப்புச் செயலியும் இவற்றைப் பார்த்து எச்சரிக்காது.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும், அவசரத்தில் இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். சந்தேகப்படும் செயலி கிடைத்ததும் கை தானாகவே ‘நீக்கு’ என்பதை நோக்கிப் போகும். அது மறுமுனையில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். தகவல் வருவது நின்றுபோனதே போதும். அடிக்கும் கணவனோடு, மிரட்டும் முன்னாள் காதலனோடு தொடர்புடைய விஷயம் என்றால் அந்தக் கணம் ஆபத்தானது. செயலியை நீக்கிவிட்டால் சாட்சியமும் போய்விடும். ஆகவே முதலில் தன் பாதுகாப்புக்கு ஓர் ஏற்பாடு, பிறகுதான் நீக்குவது. பெயரையும் அனுமதிகளையும் இன்னொருவரின் கைப்பேசியால் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தைப் பற்றி இணையத்தில் தேடுவதைக்கூடச் சந்தேகத்துக்குரிய கைப்பேசியில் செய்யக் கூடாது. தோழியின் கைப்பேசியோ அலுவலகக் கணினியோ போதும். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181, இணையக் குற்றங்களுக்கான எண் 1930.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு தடை இருக்கிறது. நம் வீடுகளில் கைப்பேசியின் பூட்டு எண்ணைக் கேட்பது உளவாகவே கருதப்படுவதில்லை. ‘என்னிடம் மறைக்க உனக்கு என்ன இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வியில் பெண்கள் கைப்பேசியை நீட்டிவிடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு பெண் இணையத்தையோ மின்னஞ்சலையோ வேறு மின்னணுத் தொடர்பையோ பயன்படுத்துவதை ஓர் ஆண் கண்காணிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம். முதல் முறை மூன்று ஆண்டுகள் வரை சிறை. பிறர் கருவிக்குள் அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படியும் குற்றம். விவாகரத்து வழக்கில் மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2024இல் தீர்ப்பளித்தார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறித் திரட்டிய சான்றை ஏற்க முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், வாழ்க்கைத் துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசி உரையாடலைத் திருமண வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. சான்றாக ஏற்பதும் கண்காணிப்பை அனுமதிப்பதும் ஒன்றல்ல என்று வழக்கறிஞர்கள் விளக்கலாம். ஒட்டுக்கேட்கத் துணிந்த ஒருவருக்கு அந்த வேறுபாடு காதில் விழாது.

சோதனை என்ற பெயரில் உலவும் சில நம்பிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். *#21# என்று அழுத்தினால் உளவு தெரிந்துவிடும் என்று ஒரு செய்தி ஆண்டுக்கணக்காக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்பதை மட்டுமே அது காட்டும். உளவுச் செயலியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அழைப்பைத் திருப்பும் மோசடி உண்மையில் நடந்தது. கூரியர்காரர்போல் பேசி ஒரு குறியீட்டை அழுத்தச் சொல்லி, வங்கியின் சரிபார்ப்பு அழைப்பைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொண்டார்கள். 2024 ஏப்ரல் 15 முதல் குறியீடு வழியாக அழைப்பைத் திருப்பும் சேவையை நிறுத்திவைக்கும்படி இந்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டதும் அதனால்தான். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, கைப்பேசி சுடுகிறது என்பவையும் அறிகுறிகளாகச் சொல்லப்படுகின்றன. பழைய பேட்டரிக்கும் மே மாத வெயிலுக்கும் அதே அறிகுறிதான். திறமையாக எழுதப்பட்ட உளவு மென்பொருளோ கைப்பேசியைச் சுட விடாது.

அந்தத் திறமையான வகைக்கு இப்போது வருவோம். 2016 ஆகஸ்ட்டில் ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைச் செயல்பாட்டாளர் அகமது மன்சூருக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்கள் இருக்கின்றன என்று சொல்லி ஓர் இணைப்பைத் தந்தன. அவர் அதைத் தொடாமல் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பினார். தொட்டிருந்தால் ஐஓஎஸ்ஸில் அதுவரை யாரும் அறியாத மூன்று ஓட்டைகள் வழியாகப் பெகாசஸ் நுழைந்திருக்கும். சில நாட்களிலேயே ஆப்பிள் ஓட்டைகளை அடைத்தது. பெகாசஸை உருவாக்கிய இஸ்ரேலின் என்எஸ்ஓ குழுமம் பொதுவெளிக்கு இழுக்கப்பட்டது. மன்சூர் மறு ஆண்டே கைது செய்யப்பட்டு, 2018இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு மனிதர் இணைப்பைத் தொடாமல் இருந்ததால் உலகமெங்கும் உள்ள ஐபோன்கள் பாதுகாப்பு பெற்றன. அவருக்கு மட்டும் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

தொடாமல் இருப்பது என்ற தற்காப்பும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2019இல் வாட்ஸ்அப்பின் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். அழைப்பை எடுக்கவே வேண்டாம், மணி அடித்தாலே போதும். 2021இல் சிட்டிசன் லேப் கண்டுபிடித்த ‘ஃபோர்ஸ்டுஎன்ட்ரி’யில் மணிகூட அடிக்கவில்லை. ஜிஃப் படம்போல் பெயரிட்ட கோப்புகள் ஐமெசேஜ் வழியாக வந்தன, ஐபோன் அவற்றைத் தானாகத் திறந்து படிக்க முயன்றபோதே வேலை முடிந்தது. இப்படி வருவதை எந்த விழிப்பும் தடுக்காது. ஏமாந்துவிட்டோம் என்று பாதிக்கப்பட்டவர் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இத்தகைய மென்பொருளை எப்படித் தேடுகிறார்கள்? அமைப்புகளில் எந்தப் பட்டியலிலும் அது இருக்காது. பெரும்பாலும் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்து, கைப்பேசியை அணைத்துப் போட்டால் மறைந்துவிடும். எனவே ஆய்வாளர்கள் மென்பொருளைத் தேடுவதில்லை, அது நடந்து போன தடத்தைத் தேடுகிறார்கள். ஐபோனின் பேக்கப்பிலும் கண்டறிதல் பதிவுகளிலும் எந்தச் செயல்முறை எவ்வளவு தரவை அனுப்பியது, எந்த நேரத்தில் எந்த முகவரி திறந்தது என்ற குறிப்புகள் இருக்கும். ஏற்கெனவே தெரிந்த உளவுத் தடங்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. அம்னெஸ்டி ஆய்வகம் 2021 ஜூலையில் இதற்காக எம்விடி என்ற கருவியை எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

இந்த வேலையில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு சிறு விவரம். தரவுப் பயன்பாட்டைக் குறித்துவைக்கும் ஐபோனின் தரவுத்தளத்தில், பெகாசஸ் தன் செயல்முறைகளின் பெயரை அழிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் பெயர்கள் ஓர் அட்டவணையிலும், ஒவ்வொரு பெயரும் பயன்படுத்திய தரவின் அளவு இன்னோர் அட்டவணையிலும் இருந்தன. பெகாசஸ் பெயரை மட்டும் அழித்தது, அளவை அழிக்க மறந்துவிட்டது. பேரேட்டில் ஆள் பெயரைக் கிழித்துவிட்டு அவன் வாங்கிய கடனை அப்படியே விட்டுவைத்ததுபோல. பெயரில்லாத அந்தக் கணக்குகளைக் கொண்டே ஆய்வாளர்கள் அதைப் பிடித்தார்கள். கோடிக்கணக்கில் விலைபோகும் மென்பொருள்கூட இப்படிச் சறுக்குகிறது என்பதில் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.

ஆனால் இந்த முறைக்கு உள்ள எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெகாசஸ் திட்டம் என்ற பெயரில் 17 ஊடகங்கள் 2021 ஜூலையில் செய்தி வெளியிட்டன. 50,000 எண்கள் அடங்கிய பட்டியல் ஒன்று அதற்கு அடிப்படை. தமிழ்நாட்டின் தமிழ்த்தேசிய, பெரியார் இயக்கங்களைச் சேர்ந்த சிலரின் எண்களும் அந்தப் பட்டியலில் இருந்ததாக ‘தி வயர்’ எழுதியது. பட்டியலில் எண் இருந்ததாலேயே உளவு நுழைந்தது என்று ஆகாது. அம்னெஸ்டி ஆய்வகம் ஆராய்ந்த 67 கைப்பேசிகளில் 23இல் பெகாசஸ் நுழைந்திருந்தது, 14இல் நுழைய முயன்ற அடையாளம் இருந்தது. மீதி 30இல் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பலர் கைப்பேசியை மாற்றிவிட்டிருந்தார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வெற்றிகரமான ஊடுருவலுக்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஆண்ட்ராய்டு பாதுகாப்பாக இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஐபோன் எழுதிவைக்கும் அளவுக்குக் குறிப்புகளை ஆண்ட்ராய்டு எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான். இந்தியாவில் பெரும்பாலான கைகளில் இருப்பது ஆண்ட்ராய்டு என்பதை நினைத்துப் பார்க்கும்போது இது சிறிய குறை இல்லை.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் நியமித்த தொழில்நுட்பக் குழுவுக்கும் இதுதான் நேர்ந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி.ரவீந்திரனின் மேற்பார்வையில் இயங்கிய அந்தக் குழுவிடம் 29 கைப்பேசிகள் வந்தன. ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக அன்றைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா 2022 ஆகஸ்ட்டில் நீதிமன்றத்திலேயே தெரிவித்தார். மறுநாள் நாளிதழ்களில் ‘பெகாசஸ் இல்லை’ என்றும் ‘ஐந்தில் உளவு’ என்றும் ஆளுக்கொரு தலைப்பு. தடயவியலின் மொழியில் இரண்டும் சரியில்லை. கிடைத்தால் இருந்தது என்று சொல்லலாம். கிடைக்கவில்லை என்றால், இந்தக் கருவியால் இந்த நாளில் கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்லலாம். யாராவது உங்கள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு ‘நூறு சதவீதம் சுத்தம்’ என்று சான்றிதழ் கொடுத்தால், அவருக்கு இந்த வேலை தெரியாது என்று முடிவு செய்துகொள்ளலாம். 2021இல், பெகாசஸைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று அம்னெஸ்டியின் பெயரிலேயே போலி இணையதளம் தொடங்கி, இறக்கியவர்களின் கணினியில் தீய மென்பொருளைப் புகுத்திய கும்பலும் உண்டு. பயந்தவர்களைத் தேடி வரும் வணிகம் அது.

கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஊழியர்களுடைய ஐபோன்களிலும் உளவு மென்பொருள் இருந்தது 2023இல் தெரியவந்தது. ‘டிரையாங்குலேஷன்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். கைப்பேசியைச் சோதித்து அதைக் கண்டுபிடிக்கவில்லை. அலுவலகத்தின் வைஃபை வழியாக வெளியே போகும் தரவைக் கவனித்தபோது, போகக் கூடாத இடங்களுக்கு ஐபோன்கள் பேசிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் பேக்கப்பைத் துருவினார்கள். ஐஓஎஸ் எப்போதோ கைவிட்ட ‘பேக்கப்ஏஜென்ட்’ என்ற செயல்முறை தரவு அனுப்பிக்கொண்டிருந்ததாகக் குறிப்பு கிடைத்தது. ஓய்வுபெற்று ஊருக்குப் போன ஆள் பெயரில் தினமும் வருகைப்பதிவு நடப்பதுபோல.

செய்தியாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர், அரசியல் பணியில் இருப்பவர் என்று இந்த இரண்டாவது வகைக்கு ஆளாகக்கூடியவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு முதல் எச்சரிக்கை பெரும்பாலும் நிறுவனத்திடமிருந்தே வருகிறது. 2023 அக்டோபர் 31 அன்று சசி தரூர், மஹுவா மொய்த்ரா உள்ளிட்ட எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் ஆப்பிளிடமிருந்து வந்த எச்சரிக்கையை வெளியிட்டார்கள். அந்த எச்சரிக்கை உண்மையானதா என்று பார்க்க வழி இருக்கிறது. உலாவியில் ஆப்பிள் கணக்கின் பக்கத்தை நீங்களே திறந்து உள்நுழைந்தால், உச்சியில் அதே எச்சரிக்கை இருக்க வேண்டும். உண்மையான எச்சரிக்கை எந்த இணைப்பையும் தொடச் சொல்லாது, செயலி நிறுவச் சொல்லாது, கடவுச்சொல்லைக் கேட்காது.

எச்சரிக்கை வராவிட்டாலும் இவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஐபோனில் ‘லாக்டவுன் மோட்’ 2022 முதல் இருக்கிறது. செய்தியோடு வரும் கோப்புகள் பலவற்றைத் திறக்க மறுத்து, முன்பின் தெரியாதவர்களின் ஃபேஸ்டைம் அழைப்புகளைத் தடுத்து, கைப்பேசியின் வாசல்களைக் குறைத்துவிடும். 2023இல் பெகாசஸ் பயன்படுத்திய ஒரு தாக்குதலை அது தடுத்திருக்கும் என்று ஆப்பிளே உறுதி செய்தது. ஆண்ட்ராய்டு 16இல் ‘அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன்’ என்ற பெயரில் இதைப் போன்ற ஏற்பாடு வந்திருக்கிறது. வசதிகள் சில குறையும், ஆபத்தில் இருப்பவருக்கு அது பெரிய விலையாகத் தோன்றாது. மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாமல் இருப்பது மற்ற எல்லாருக்கும் பொருந்தும்.

சந்தேகம் உறுதிப்பட்டால் இவர்கள் செய்யக் கூடாத வேலை, கைப்பேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பது. கடைக்காரர் முதலில் சொல்லும் யோசனை அதுவாகத்தான் இருக்கும். தடம் அத்தனையும் அதோடு போய்விடும். கைப்பேசியை அப்படியே வைத்துவிட்டு, முக்கியமான பேச்சுகளுக்கு வேறு கைப்பேசியை எடுத்துக்கொண்டு, ஆக்சஸ் நவ் அமைப்பின் இருபத்து நான்கு மணி நேர உதவி மையத்தையோ அம்னெஸ்டி ஆய்வகத்தையோ இன்னொரு கருவியிலிருந்து தொடர்புகொள்ள வேண்டும். பழைய பேக்கப்புகளையும் அழிக்கக் கூடாது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் ஐபோனில் பெகாசஸ் நுழைந்திருந்ததற்கான தடயத்தை, அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் அந்தக் கைப்பேசியின் பழைய பேக்கப்பிலிருந்துதான் எடுத்தது.

செர்பியாவின் மிலானோவும் கைப்பேசியை அழிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்னெஸ்டியின் அறிக்கை வெளியான பிறகு, 2025 பிப்ரவரியில், செர்பியாவில் தொடர்புடைய வாடிக்கையாளர்கள் தன் கருவியைப் பயன்படுத்துவதைச் செலிபிரைட் நிறுத்தியது.